ஏலம் போன புயல்

அன்றைய கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அந்த ஊரில் பாதிச் சண்டை, உட்கார்ந்த இடத்திலிருந்துதான் கிளம்பும்.

இடம், ஐஸ் பேக்டரியின் மாடி அறை. கீழே மெஷின் ஓடுவதால் தரை எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். மேஜைமேல் வைத்த டீ கிளாஸ் தானாகவே நகர்ந்து பக்கத்து ஆளிடம் போய்விடும். கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் ஐஸ் பேக்டரி முதலாளி. புயல் எச்சரிக்கைக் குழுவுக்குத் தலைவரும் அவரே. நாற்காலி அவருடையது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவருக்கு வலப்பக்கம் ஜன்னலோரமாகக் குழுவின் செயலாளரான டீச்சர், மடியில் காகிதக் கட்டோடு. இடப்பக்கம் ஒரு பழைய பேட்டரிப் பெட்டிமேல் ரேடியோ மெக்கானிக். எதிரே, ஸ்டூலின் நுனியில், பேரிடர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த அலுவலர். வயதில் சின்னவள், சுருட்டி வைத்த படங்களைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் ஏலக்காரர். அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக, அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஒரு மீன் வியாபாரி. ஊரில் அவனுக்குக் கூலிங்கிளாஸ் என்றே பேர்.

வாசற்படியில், உடம்பு வெளியிலும் பாதம் உள்ளேயுமாக, பெரியக்கா.

பெரியக்கா, ஏலக்காரருக்கு மட்டும் பிறப்பால் அக்கா. ஊரில் மற்ற எல்லோருக்கும் பயத்தால் அக்கா.

"உள்ள வந்து உக்காருங்கக்கா," என்றார் டீச்சர்.

"நான் கூட்டத்துக்கு வரல. ஜில்லுனு இருக்கேன்னு காலை மட்டும் உள்ள வச்சிருக்கேன்."

கூட்டம் கூடியதே அந்தக் காலுக்காகத்தான். அதுவும் காலுக்கு உரியவளின் கையெழுத்துக்காக. 'புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம்' என்று கரையோர வரிசையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டு எழுதித்தர வேண்டும். கடிதம் அன்று சாயங்காலத் தபால் வண்டியில் பேரிடர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் கடிதம் போன வழியே திரும்பி வரும். எல்லோரும் போட்டாயிற்று. பெரியக்கா மட்டும் பேனாவைப் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

அவள் வீடு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மணல் மூக்கின் நுனியில் இருந்தது. அதற்கு அப்பால் வீடு கட்ட வேண்டுமென்றால் மீனாகப் பிறந்திருக்க வேண்டும். போன பருவத்தில் கடல் எழும்பி அவள் சமையலறைக்குள் வந்துவிட்டது. ஊரே மேட்டுக்கு ஓடியபோது பெரியக்கா கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கடலைக் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறாள். விடிந்ததும் கடல் இறங்கிப் போயிற்று. தான் திட்டியதால்தான் போயிற்று என்று அவளுக்குத் திடமான நம்பிக்கை. மறுநாள் அரக்கப்பரக்க ஓடிவந்த ஏலக்காரர் பார்த்தது வேறு. மாவு டப்பாவுக்குள் ஒரு நண்டு சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. சுவரில், கட்டில் சட்டத்துக்குச் சரியாக ஒரு விரற்கடை கீழே, தண்ணீர் நின்றுபோன கோடு. நண்டை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டார். கோட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கோடு அவர் தட்டுக்கு நடுவே வந்து நின்றது.

அலுவலர் எழுந்து சுவரில் ஒரு படத்தை ஒட்டினாள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று பட்டைகள்.

"இதை எல்லாரும் நல்லாப் பாருங்க," என்றாள்.

எல்லோரும் நல்லாப் பார்த்தார்கள். தலைவர் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, "சிவப்புதான் எடுப்பா இருக்கு மேடம். மஞ்சள் சீக்கிரம் வெளுத்துப் போயிரும்," என்றார்.

"ஐயா, இது நாம தேர்ந்தெடுக்கறதுக்கு இல்ல."

"அப்புறம் எதுக்கு மூணு காட்டுறீங்க?"

அலுவலர் படத்தை மெல்லச் சுருட்டினாள். "சரி, அதை விடுங்க. முதல்ல, போன வாரம் ஒத்திகை ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்கு யாராவது சொல்லுங்க. நான் மேல எழுதணும்."

தலைவரின் டீ கிளாஸ் நைசாக மெக்கானிக் பக்கம் நகர்ந்தது. எல்லோர் கண்ணும் மீன் பெட்டிமேல் போய் நின்றது. ஏலக்காரர் தன் செருப்பின் வாரை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். முதலில் அலுவலகம் ஒரு பதிவு செய்த குரலை அனுப்பியிருந்தது. 'அன்பார்ந்த கடலோர மக்களே, தாங்கள் அனைவரும் பாதுகாப்பான இடங்களுக்குப் பெயர்ந்து செல்லுமாறு கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று தேனில் தோய்த்த ஒரு பெண் குரல். அதைப் போட்டதும் ஊர், "என்னா குரலு!" என்று பாராட்டிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிட்டது. அழுகிற குழந்தைகளைத் தூங்கவைக்க அதை இன்னொரு தரம் போடச் சொல்லி இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். பிறகுதான் குழு கூடி, ஊரில் எந்தக் குரலுக்கு ஆள் அசைவார்கள் என்று யோசித்தது. யோசிக்க என்ன இருக்கிறது? ஏலக்காரர் வாயைத் திறந்தால் மணல் மூக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்கும். ஒத்திகை அன்று அவர் மிளகு போட்ட வெந்நீர் குடித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். மைக் வயர் எட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவர் தினமும் நிற்கும் ஏல மேடை. கடலுக்கு அதைவிடப் பக்கமாக நிற்க வேண்டுமென்றால் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும்.

மேடையேறித் தொண்டையைச் செருமி, "எல்லாரும் கேளுங்கோ!" என்றார்.

ஊர் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி ஓடிவந்தது. அந்தக் குரலுக்கு அவர்கள் வாழ்க்கையில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. படகு வந்துவிட்டது, முந்து. தராசோடு வந்தார்கள். சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எச்சரிக்கைக் குழுவின் தலைவரே ஒரு வண்டி ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். மேட்டுப் பள்ளிக்கூட வாசலில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ள நின்ற அலுவலரிடம் வந்து சேர்ந்தவை, ஒரு நாயும் முகவரி விசாரித்த ஒரு வெளியூர்க்காரரும்தான்.

அத்தோடு இறங்கியிருந்தாலும் மானம் மிஞ்சியிருக்கும். கையிலிருந்த காகிதத்தில், 'காற்றின் வேகம் மணிக்கு அறுபது கிலோமீட்டர்' என்று இருந்தது. ஏலக்காரர் "அறுபது!" என்றார்.

"எழுபது!" என்றான் கூலிங்கிளாஸ். அவன் யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதுவாகச் சொல்லிற்று.

ஒருவர் கேட்ட விலையை அந்தரத்தில் விட்டுவிட ஏலக்காரரின் நாக்குக்குத் தெரியாது. "எழுபது... எழுபது கேக்குறாரு... எழுபதுக்கு மேல யாரு?"

"எம்பது," என்றாள் பெரியக்கா, கூலிங்கிளாஸை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"தொண்ணூறு!"

"நூறு!"

"நூத்தி அஞ்சு!"

"நூத்திப்பத்து! முடிஞ்சா மேல கேளு பாப்போம்!"

கூலிங்கிளாஸ் வாயை மூடிக்கொண்டான். "நூத்திப்பத்து ஒரு தரம்! நூத்திப்பத்து ரெண்டு தரம்! நூத்திப்பத்து... மூணு தரம்!" ஏலக்காரர் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கூட்டம் கைதட்டியது. தட்டி ஓய்ந்த பிறகுதான் அவருக்குக் கையிலிருந்த காகிதம் ஞாபகம் வந்தது. அதற்குள் புயல் விற்றுப்போயிருந்தது.

டீச்சர் இதையெல்லாம் அறிக்கையாகப் படித்து முடித்தபோது அலுவலர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இதுல என் சைக்கிள் டயர் பஞ்சரானது விட்டுப்போச்சு," என்றான் கூலிங்கிளாஸ்.

"அறிக்கை உன் டயரைப் பத்தி இல்ல," என்றார் டீச்சர்.

அலுவலர் கண்ணைத் திறந்து வாசற்படிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்களாவது..."

"அம்மாவா? எனக்கென்ன அவ்வளவு வயசா ஆச்சு? அக்கான்னு சொல்லு."

"சரிக்கா. உங்க வீடுதான் தண்ணிக்கு முதல்ல. நீங்க கையெழுத்துப் போட்டா..."

"போட முடியாது."

"ஏன்க்கா?"

"நூத்திப்பத்துக்குப் புயலை எடுத்தது யாரு? நான். சரக்கு வர்ற நேரத்துல வாங்கிக்க ஆள் வீட்ல இருக்க வேண்டாமா? நான் மேட்டுல போய் உக்காந்துக்கிட்டா, அது வந்து கதவைத் தட்டிப் பாத்துட்டு இவன் வீட்டுக்குப் போயிரும்." கட்டைவிரல் கூலிங்கிளாஸைக் காட்டியது.

"அக்கா," என்றார் ஏலக்காரர், மீன் பெட்டியிலிருந்து எழாமலே. "அது சும்மா ஒத்திகைக்கா."

"ஒத்திகைன்னா மூணு தரம் எதுக்குடா சொன்ன? ரெண்டோட நிறுத்தியிருக்கலாம்ல? இப்ப சொல்லு, அந்த மூணாவது தரம் செல்லாதுன்னு சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

ஏலக்காரர் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் கூலிங்கிளாஸ் ஆவலோடு முன்னே சாய்வது தெரிந்தது. ஒரு மூணாவது தரம் செல்லாது என்று இங்கே ஒப்புக்கொண்டால், நாளைக் காலையில் நேற்று எடுத்த மீனெல்லாம் செல்லாது என்று இவன் திருப்பிக் கொண்டுவந்து கொட்டுவான். ஏலக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா? செல்லும்," என்றாள் பெரியக்கா.

அலுவலர் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். வெள்ளம் புகுந்த ஒரு வீட்டின் புகைப்படம். கூரைவரை தண்ணீர், அதில் பாத்திரங்கள் மிதந்தன. பெரியக்கா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அவள் மனம் இளகுகிறது என்று அலுவலர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்திரமெல்லாம் எவ்வளவு பளிச்சுனு விளக்கி வச்சிருக்கா பாரு. கெட்டிக்காரி," என்று படத்தைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்தாள். "அடுப்புல உலை வச்சிட்டு வந்திருக்கேன். நீங்க பேசுங்க."

படியிறங்கும் செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கியது. டீச்சர் கையெழுத்துத் தாளைப் பார்த்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பேசாம நானே ஒரு கோடு இழுத்துவிடட்டுமா? அக்கா கையெழுத்தும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்," என்றான் மெக்கானிக்.

"நீ இழுத்த கோடு புயலன்னைக்கு அவளைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடுமா?" என்றார் ஏலக்காரர். அன்று முழுவதும் அவர் தலை நிமிர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது.

அலுவலர் பெருமூச்சு விட்டாள். "உங்க மேல தப்பு இல்லைங்கய்யா. ஆனா இனிமே உங்க குரலை வச்சுக்க முடியாது. அது ஆளுங்களைக் கடலுக்குல்ல இழுக்குது?"

ஏலக்காரர் எழுந்து நின்றார். இஸ்திரிச் சட்டை போட்ட நாளும் மிளகு வெந்நீரும் கண்முன் வந்துபோயின. வருத்தத்தோடு தலையாட்டத்தான் நினைத்தார். பாதியில் தலை நின்றுவிட்டது.

"கடலுக்கு இழுக்கலம்மா," என்றார். "என்கிட்ட இழுக்குது. நான் அங்க நின்னேன், அங்க வந்தாங்க."

"அதனால?"

"நான் மேட்டுல நின்னா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒலிபெருக்கியைக் கழற்றலாம் என்றான் மெக்கானிக். தன் ஐஸ் வண்டியில் ஏற்றலாம் என்றார் தலைவர். பள்ளிக்கூடச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றார் டீச்சர். கூலிங்கிளாஸ் மட்டும் சுவரைவிட்டு நகராமல், "ஊரு வரும்யா. பெரியக்கா வருமா? அது இன்னைக்குக் காலைலயே ரெண்டு கூடை எடுத்து வித்துருச்சு. இன்னொரு தரம் மீனுன்னு கூப்பிட்டா அது வீட்டுக் கதவைக்கூடத் திறக்காது," என்றான்.

அது உண்மை. ஏலக்காரர் கூலிங்கிளாஸின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டு முகத்திலும் ஒரே நேரத்தில் ஒரு யோசனை வந்தது. இரண்டும் பயந்தன.

ஏல மேடைக்கு வலப்பக்கம் முதல் இடம் பெரியக்காவினுடையது. கூடை கீழே இறங்கியதும் மீனின் கண்ணை முதலில் பார்க்கிற இடம் அது. தம்பிக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே அவள் அங்கேதான் நிற்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் என்றாலும் அங்கே ஒருவன் சும்மாகூடக் கால் வைக்க மாட்டான். அந்த இடத்துக்கு அடுத்த இடம் கூலிங்கிளாஸினுடையது. அவன் வருஷக்கணக்காக அந்த ஓரடித் தூரத்தைக் கண்ணாடி வழியாக ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

யோசனையை அவர் மெக்கானிக்கின் காதில் சொன்னார். மெக்கானிக் அவருக்கு மனைவியின் தம்பி. அந்த உரிமையில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான்.

"மச்சான், உசுரோட இருக்கணும்னு ஆசை இல்லையா உங்களுக்கு? எங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வண்டில ஏத்துடா."

பள்ளிக்கூடத் தாழ்வாரத் தூணில் ஒலிபெருக்கியைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிந்தது. படகுத்துறை, ஐஸ் பேக்டரியின் புகைக்குழாய், மணல் மூக்கு, அதன் நுனியில் தீப்பெட்டி வைத்த மாதிரி ஒரு வீடு. தீப்பெட்டியின் மூன்று பக்கமும் தண்ணீர். ஏலக்காரர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"ஏலம்! ஏலம்! ஏலம்! மேட்டுப் பள்ளிக்கூடத்துல ஏலம்! இன்னைக்கு மீன் இல்லீங்கோ! மேடைக்கு வலப்பக்கம், முதல் இடம்! பெரியக்கா நிக்கிற இடம்! கேக்குறவங்க வாங்க, கேக்கலாம்!"

சொல்லி முடித்துவிட்டு, வகுப்பறை ஜன்னலோரமாக நின்ற கரும்பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதலில் கதவுகள் திறந்தன. அப்புறம் தெருவுக்குள் ஆட்கள் கொட்டினார்கள். வழக்கம்போலக் கடல் பக்கம் நாலு எட்டு ஓடி, சத்தம் முதுகுப் பக்கமிருந்து வருவது உறைத்ததும், மொத்தக் கூட்டமும் கூடையோடு ஒரே சுற்றாகத் திரும்பியது. மேட்டுப்பாதை ஆளால் நிறைந்தது. அலுவலர் தாளில் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூலிங்கிளாஸ் சட்டை பறக்க முன்னால் ஓடிவந்தான். வண்டியில் கூட வந்தவன், நியாயமாக ஏலத்தில் கலந்துகொள்ள வேண்டுமென்று கீழே இறங்கிப்போய்த் திரும்ப ஓடிவந்தானாம்.

ஏலக்காரர் கரும்பலகைக்குப் பின்னாலிருந்து தீப்பெட்டி வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு அசையவில்லை. தட்டுக்கு நடுவே வந்து நிற்கும் கோடு இப்போது கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

அப்போது கதவு படாரென்று திறந்து, உள்ளேயிருந்து ஒரு புள்ளி வெளியே பாய்ந்தது.

அந்தப் புள்ளிக்கு முட்டி வலி உண்டு, மூச்சிரைப்பு உண்டு, படியேறினால் தலைசுற்றல் உண்டு. இதையெல்லாம் ஊரே தினமும் கேட்டுக்கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தது. புள்ளி மணல் மூக்கைத் தாண்டியது. படகுத்துறையில் இரண்டு சைக்கிளை முந்தியது. மேட்டுப்பாதையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏறியது. கிட்டே வர வர அதன் வலது கையில் ஒரு கரண்டி தெரிந்தது. கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டியது. வாசலில் கூலிங்கிளாஸும் அதுவும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். கரண்டியை ஒரு விசிறு விசிறியதில் அவன் ஓர் அடி பின்வாங்கினான். பெரியக்கா முதலில் உள்ளே வந்தாள்.

"எங்கடா அவன்?"

ஊரே விரலை நீட்டிக் கரும்பலகையைக் காட்டியது.

"என் இடத்தை விக்க நீ யாருடா? வெளிய வா! உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டு நின்ன இடம்டா அது!"

"அக்கா, கோவப்படாதே. நீ வரணும்னுதான்..." கரும்பலகை பேசிற்று.

"வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? கடலு வீட்டுக்குள்ள வந்ததுக்கு முந்தின வருஷம் நான் வரல? ஸ்பீக்கர்ல சொன்னாங்கன்னு மூட்டையைக் கட்டி, கோழியைக் கூடையில போட்டு, ஊருக்கு முதல் ஆளா இங்க வந்து உக்காரல? புயலு எங்கயோ போயிருச்சு. சரி, போகட்டும். விடிஞ்சு நான் மூட்டையைத் தூக்கிக்கிட்டு இறங்கி வர்றதுக்குள்ள நீ ஏலத்தை ஆரம்பிச்சுட்ட. என் இடத்துல யாரு நின்னா? இவன் நின்னான்! அவனைத் தள்ளி அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க என் முழங்கை எத்தனை நாள் வேலை செஞ்சுச்சு தெரியுமா? நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

ஏலக்காரர் கரும்பலகையைவிட்டு வெளியே வந்தார்.

"நான் பாக்கலையேக்கா. கூடையைத்தான் பாப்பேன். முகத்தைப் பாத்தா விலை இறங்கிரும்."

"இடம் காலியா இருந்துச்சு, நின்னேன்," என்றான் கூலிங்கிளாஸ்.

"கண்ணாடியைக் கழட்டிட்டு அதைச் சொல்லு."

அவன் கழற்றினான். ஊர் அவன் கண்ணை அன்றுதான் பார்த்தது. சின்னதாக, தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட குழந்தையினுடையது மாதிரி இருந்தது. பெரியக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப போன தடவை தண்ணி வந்தப்ப நீங்க வராம இருந்தது இதுக்குத்தானாக்கா?" என்றாள் அலுவலர் மெதுவாக.

"பின்ன? கடலு வந்தா திட்டிப் பாக்கலாம். இவன் வந்து நின்னுட்டா என்ன பண்றது?"

அலுவலர் தன் படங்களைப் பார்த்தாள். காற்றுக்கு ஒரு படம், தண்ணீருக்கு ஒரு படம், கூரைக்கு ஒரு படம் இருந்தது. ஏலத்தில் நிற்கும் ஓரடி நிலத்துக்குப் படம் எதுவும் இல்லை. "இடம் போகாதுன்னா வருவீங்களா?" என்று கேட்டாள்.

"போகாதுன்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றார் ஏலக்காரர். "எச்சரிக்கைன்னு வந்துட்டா நானும் இங்க மேட்டுலதான் இருப்பேன். கடைசி ஆளு இறங்குற வரைக்கும் நான் இறங்க மாட்டேன். ஏலக்காரன் இல்லாம எவன் ஏலம் போடுறான்னு பாக்கறேன். கீழ போனதும் அவங்கவங்க நின்ன இடத்துல அவங்கவங்க. நீ முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வா. நீ வந்து நின்ன பிறகுதான் முதல் கூடை இறங்கும்."

"வாய் வார்த்தை வேண்டாம். முறைப்படி சொல்லு."

ஏலக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றார். "மேடைக்கு வலப்பக்கம், முதல் இடம்! பெரியக்காவுக்கே! ஒரு தரம்!" ஊர் கூலிங்கிளாஸைப் பார்த்தது. "ரெண்டு தரம்!" அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான். "மூணு தரம்!" கரும்பலகையில் விழுந்த அடியில் சுண்ணாம்புத் தூள் எழும்பி முன்வரிசை முழுவதும் தும்மியது.

"அப்ப அந்தப் புயலு?" என்று கேட்டார் தலைவர். அவருக்கு எல்லாம் கணக்காக இருக்க வேண்டும்.

"அதை இவனுக்கே குடுத்துடறேன்," என்றாள் பெரியக்கா.

"எனக்கு வேணாம்," என்றான் கூலிங்கிளாஸ், ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து.

டீச்சர் வகுப்பு மேஜையில் கடிதத்தை விரித்தார். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை என்றாள் அலுவலர். கட்டத்துக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறதே என்றார் டீச்சர். எழுதினார்கள். ஒலிபெருக்கியைக் கரையிலிருந்து எடுத்து மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நிறுத்த வேண்டும். அறிவிப்பில் காற்றின் வேகத்தை எண்ணாகச் சொல்ல வேண்டாம், சொன்னால் விலை ஏறுகிறது. எச்சரிக்கைக்காக மேட்டுக்கு வருகிற எவருடைய ஏல இடமும் பறிபோகாது என்று ஏலக்காரர் பொறுப்பேற்கிறார். சிவப்பு நிறமே இந்த ஊருக்குப் பிடித்திருக்கிறது என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் தலைவர். டீச்சர் காது கேட்காததுபோல் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

"நான்தான் முதல்ல வந்தேன்னு எழுதியாச்சா?" என்றாள் பெரியக்கா.

"எழுதறேன்க்கா," என்றாள் அலுவலர். எழுதியும் காட்டினாள். "கடைசி வீட்டிலிருந்து வந்தவர், முதலில் வந்தார்."

பெரியக்கா கரண்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஊரிலேயே நீளமான கையெழுத்தைப் போட்டாள். மெக்கானிக் சொன்ன மாதிரி ஏறக்குறைய ஒரு கோடுதான். ஆனால் இரண்டு கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏலக்காரரின் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. சுண்ணாம்புத் தூள் என்று எல்லோரிடமும் சொன்னார்.

"மேடம், நீங்களே கையோட கொண்டு போயிரலாமே?" என்றார் தலைவர்.

"முடியாதுங்க. கையில வாங்கினா, கையில வாங்கினதுக்கு ஒரு கடிதம் தரணும். அதையும் தபால்லதான் அனுப்பணும்."

கீழே தபால் வண்டியின் ஹாரன் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பசை பாட்டில் கல்லாக இறுகிப்போயிருந்தது. மெக்கானிக் கறுப்பு டேப்பை நீட்டினான். டேப் ஒட்டிய உறையை அலுவலகம் எடுக்காது என்றாள் அலுவலர். "குடு இப்படி," என்று பெரியக்கா உறையைப் பிடுங்கினாள். மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே இழுப்பில் நக்கி, மேஜைமேல் வைத்து முழங்கையால் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினாள். பல வியாபாரிகளை நகர்த்திய முழங்கை. உறை இனி ஆயுளுக்கும் பிரியாது என்று பட்டது.

அவளே மேட்டிலிருந்து இறங்கி, வண்டி ஓட்டுபவரின் ஜன்னலுக்குள் கையை விட்டு, கடிதத்தை அவர் மடியில் வைத்தாள்.

"பத்திரம். வழியில காத்து பலமா அடிச்சா வண்டியை அங்கயே விட்டுட்டு மேடான இடமாப் பாத்துப் போயிரு. வண்டி போனா போகுது. கேக்குதா?"

"சரிக்கா," என்றார் ஓட்டுநர். கடிதத்தைப் பையில் போட்டுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். வண்டி கிளம்பியது.